கரை வளைந்த இடம்

தம்பி,

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. வெறும் வயிற்றோடு படிக்கிற கடிதம் இல்லை இது. போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். நீ "என்னம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, தக்காளி விலையைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன். நேரில் என்றால் இன்னும் மோசம், உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. அதனால் எழுதுகிறேன். உன் பெயரை எங்கேயும் போடவில்லை, என் பெயரும் இல்லை. ஆற்றோரம் வீடும் படித்த பிள்ளையும் வைத்திருக்கிற எந்த அம்மாவின் கையில் இது கிடைத்தாலும் படிக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்கொன்றும் புதிது இல்லை. நீ முதல் கார் வாங்கிக்கொண்டு வந்தபோது, மலை இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடி என்று சொல்லி அனுப்பினேன். நீ ஈப்போ போய்ச் சேர்ந்து போன் செய்து, "அடிச்சு அடிச்சு ஹார்னே செத்துப் போச்சும்மா" என்று சிரித்தாய். "எங்கம்மாவுக்குப் பயப்படறதுதான் முழுநேர வேலை, லீவே கிடையாது" என்று உன் கூட்டாளிகளிடம் சொல்வாய். அது உண்மைதான். ஆனால் ஒன்று யோசித்துப் பார். மலையில் வாழ்கிறவர்களுக்குப் பயம் ஒரு கெட்ட பழக்கம் இல்லை. மதியம் ஆனால் நான் வாசலில் நின்று மேலே கியா பார்ம் பக்கம் பார்ப்பேன். முன்பெல்லாம் அங்கே மழை பெய்தால் மண்ணும் மரமும் குடித்தது போக மிச்சம்தான் நமக்கு வரும். இப்போது மலை முழுக்கக் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரை. பெய்கிற மழை மண்ணைத் தொடுவதே இல்லை, கூரையில் சறுக்கி, கால்வாயில் விழுந்து, நேரே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. இங்கே வெயில் அடிக்கும், கொடியில் துணி காயும், ஆறு மட்டும் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தைப் பார்த்தால் கொடியில் கிடக்கிற துணியை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

பழைய பூங்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பந்து விளையாடிய இடம்தானே. ஆற்றங்கரையில் ஒரு சிமெண்டுச் சுவர், ஊஞ்சல், சறுக்கு, காலையில் கிழவர்கள் கை வீசி நடக்க ஒரு பாதை. சுவர் கட்டியபோது ஆறு எங்கோ கீழே கிடந்தது. பிறகு வருஷா வருஷம் மேலேயிருந்து மண் வந்து அடியில் படிந்து, ஆறு ஏறிக்கொண்டே வந்தது. சுவர் அதே உயரத்தில் நின்றது. கடைசியில் தண்ணீர் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டு, திரும்பிப் போக வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிடும். ஊஞ்சல் பலகை சேற்றுத் தண்ணீரில் மிதக்கும். அதனால் இந்தப் பூங்காவை மாற்றி அமைக்கிற வேலை நீ வேலை பார்க்கிற கம்பெனிக்கே கிடைத்தது என்று நீ சொன்ன அன்று, நம்ம வரிசையில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை.

மண்டபத்தில் கூட்டம் போட்டீர்களே, பின் வரிசையில் நானும் உன் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். சுவரை இடிக்கப் போகிறோம், திடலை இன்னும் பள்ளமாக்கப் போகிறோம், மழை நாளில் தண்ணீர் உள்ளே வந்து தங்கிப் போகட்டும் என்று நீ படம் காட்டிச் சொன்னாய். முட்டைக்கோஸ் தோட்டம் வைத்திருக்கிற சீனக் கிழவர் ஒருவர் எழுந்து, தண்ணீரை வெளியே தள்ளச் சொன்னால் நீ அதற்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறாயே என்று மலாயில் கேட்டார். மண்டபமே சிரித்தது. நீ கோபப்படவில்லை. "அங்கிள், ஆத்துக்கு நாம இடம் குடுக்கலன்னா அதுவா எடுத்துக்கும். அது எடுக்கறப்ப யாரு வீடுன்னு பாக்காது" என்று அவருக்கு மலாயிலும் நமக்குத் தமிழிலும் சொன்னாய். ஊஞ்சலை மேட்டுக்கு மாற்றுவோம், நடைபாதையைக் கால் வைத்துத் தூக்கிக் கட்டுவோம், பள்ளத்தில் நாணலும் தண்ணீர் தாங்கும் மரமும் வைப்போம், பூங்காவுக்கும் வீடுகளுக்கும் நடுவில் உயரமாக மண்கரை போடுவோம் என்றாய். உன் அப்பா என் கையை இடித்து, "பேசறான் பாரு நம்ம பய" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். நீ தட்டில் சோற்றைக் குழித்து ரசத்தை ஊற்றச் சொன்னாய். "இந்தாப் பாருங்கம்மா, இந்தப் பக்கம் சோத்தத் தள்ளுனா ரசம் எங்க போகுது? அந்தப் பக்கம். ஆறும் அப்படித்தான். ஒரு பக்கம் எடத்த நெருக்குனா எதிர்ப்பக்கம் ஏறும். அதனாலதான் கரைய ஆத்துலருந்து தள்ளிப் போடறோம்." எனக்கு நன்றாகப் புரிந்தது. பிறகு தலையைத் தூக்காமலேயே, கரை போகிற கோட்டில் நம்ம வீட்டுச் சமையலறை இருக்கிறது என்று சொன்னாய். வரிசையில் கடைசி வீடு நம்முடையது, ஆறு வளைகிற இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மற்ற வீடுகள் எல்லாம் தப்பித்துவிடும், இது ஒன்றுதான் எடுபடும், அரசாங்கம் ஈடு கொடுக்கும் என்றாய். உன் அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். அவர் வாசலில் போய் நின்றதைப் பார்த்தபோது உன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நீ அவரை ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாய். தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றபோது, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் தோட்டத்து முறை. வேலை இருக்கிறவரைக்கும் வீடு. அவருடைய அப்பா தேயிலை வெட்டிய காலத்திலிருந்து இருந்த வீடு, ஆனாலும் நம்ம வீடு இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வந்து, "அண்ணே, அவசரமில்ல, சாமான ஏத்திட்டுச் சாவிய குடுங்க போதும்" என்று மரியாதையாகத்தான் கேட்டார். உன் அப்பா பூட்டைப் பூட்டப் போனார், சாவி துவாரத்துக்குள் போகவில்லை, கை அப்படி ஆடியது. நீதான் வாங்கிப் பூட்டினாய். உனக்கு அப்போது மீசை கூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சொந்த வீடு என்பது சோறு மாதிரி. இந்த ஆற்றங்கரை வீட்டை வாங்கிய பிறகுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அவரை இன்னொரு தடவை வீட்டை விட்டு எழுப்பக் கூடாது என்று நீ நினைத்திருப்பாய். எந்தப் பிள்ளையும் நினைக்கும். தோட்டத்தில் பிறந்த பிள்ளை கட்டாயம் நினைக்கும்.

சர்வே ஆட்கள் வந்து முளைக்குச்சி அடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். கோலா தெர்லா பக்கமிருந்து மண் லோரிகள் வரத் தொடங்கும் என்று பேச்சு. நான் துணி காயப்போடப் போனபோது குச்சிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வரிசை வீடுகளின் பின்னால் நேராக வந்த குச்சிகள், நம்ம வேலி வந்ததும் ஆற்றுப் பக்கம் திரும்பின. நம்ம வீட்டைச் சுற்றிக்கொண்டு, பூங்காவுக்குள்ளேயே வயிறு தள்ளி, மறுபடியும் வந்து கோட்டில் சேர்ந்துகொண்டன. நான் உன் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுப் பார்த்தார். "நம்ம பய நம்மள காப்பாத்திட்டான் பாத்தியா" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ரவை கிண்டி, முந்திரி போட்டுக் கேசரி செய்தேன். கேசரியை அடி பிடிக்காமல் கிளறும்போது ஜன்னல் வழியாக எதிர்க்கரை தெரிந்தது. அங்கே பாலர் பள்ளியின் மஞ்சள் சுவர்.

அந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு தாழ்வான இடத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும், நீயே அளந்திருப்பாய். ஆனால் மதியத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பாதிப் பிள்ளைகளின் அம்மா அப்பா தேயிலையிலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள், சாயங்காலம்தான் வருவார்கள். அதுவரைக்கும் பிள்ளைகளை அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். சோறு கொடுத்து, தரையில் வரிசையாகப் பாய் விரித்துத் தூங்க வைக்கிறார்கள். மேலே மழை பிடிக்கிற நேரமும் அதுதான். உன் அப்பா ஓய்வுக்குப் பிறகு அந்தப் பள்ளி வேன்தானே ஓட்டுகிறார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உன்னிடம் போனில் மெதுவாகக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏன் தம்பி, கரை அங்க வளைஞ்சா எதிர்ப்பக்கம் தண்ணி ஏறாதா?" நீ முதலில் அப்பா எங்கே என்று கேட்டாய். பிறகு, "ஏறும்மா, கொஞ்சந்தான். பெரிய மழைக்கு ஒரு சாண் கூட ஏறலாம். அதுக்கு மேல இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் பாத்து ஓகே பண்ணிட்டாங்க. நீங்க இதெல்லாம் போட்டுக் கொழப்பிக்காதீங்கலா" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அந்த ஒரு சாண் என்னைத் தூங்கவிடவில்லை. உனக்கும் எனக்கும் அது கணுக்கால். பாயில் படுத்திருக்கிற பிள்ளைக்கு அது மூக்கு. நான் கைவிரலை விரித்துத் தரையில் வைத்துப் பார்த்தேன். இப்போதும் கூடத்தைப் பெருக்கும்போது குனிந்து கையை வைத்துப் பார்க்கிறேன். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் உன் அப்பா குடையை மறந்துவிட்டுப் போனார் என்று பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தது. சின்னப் பெண், கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தது, உன் பிளானைப் பற்றிப் பேப்பரில் பார்த்திருக்கிறது. "ஆன்டி, உங்க மகன்தானே பூங்கா டிசைன் பண்றாரு? ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுங்க. மழ இருட்டுனாவே நான் வாசல்ல போய் நின்னுருவேன். இனிமே தண்ணி பூங்காவுக்குள்ள போயிரும், நம்ம பக்கம் வராதுன்னு சொன்னாங்க. அதான் உசரத்துல படுக்க வைக்கற மேசை வாங்கறதுக்குப் பதிலா, பிள்ளைங்களுக்குப் புதுப் பாய் வாங்கிட்டோம்" என்று சொல்லி, பாய்களைக் கொண்டுவந்து விரித்துக் காட்டியது. யானைப் படம் போட்ட பாய். ஒரு தட்டில் குவே பலகாரம் வைத்துக் கொடுத்து, சாப்பிடுங்க ஆன்டி என்று பக்கத்திலேயே நின்றது. நான் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்க மகன் என்று சொன்னபோது அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்த பிறகு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குடையைக் கொடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தை நான் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. "படிச்சவன் பாத்துப் போட்டது. ஒனக்கு என்ன தெரியும்? ஒரு சாண் தண்ணிக்கு வீட்ட குடுத்துட்டு நடுத்தெருவுல நிப்பியா?" என்றார். நான் விடவில்லை. "அவன் சொன்னதத்தான் நான் சொல்றேன். ஒரு பக்கம் நெருக்குனா மறுபக்கம் ஏறும்னு அவன்தான் சொன்னான்" என்றேன். அவர் எழுந்து போய் டீவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "நீ அவன்கிட்ட சொல்லிராத. நமக்காகச் செஞ்சிருக்கான். மனசு ஒடஞ்சிருவான்" என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் டீவி பார்ப்பார், நான் வாசலில் நின்று மேலே பார்ப்பேன். வீடு போய்விடுமோ என்று பயந்தேன், போகாமல் இருந்துவிடுமோ என்றும் பயந்தேன். இரண்டு பயமும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று கேட்காதே, இருந்தது.

நீ தப்பானவன் என்று நான் நினைக்கவில்லை ஐயா. பணத்துக்கு வளைக்கவில்லை, பெரிய மனுஷன் யாரும் சொல்லி வளைக்கவில்லை. அப்பா அம்மாவுக்காக வளைத்தாய். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம். கெட்ட எண்ணத்தோடு செய்தால் மனசு உறுத்தும், திரும்பிப் பார்ப்பாய். பாசத்தில் செய்தது உறுத்தாது, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவாய். இனிமேல் நீ எத்தனையோ ஆற்றுக்குக் கரை போடுவாய். எங்கேயாவது உனக்கு வேண்டியவர்களுக்காக ஒரு குச்சியை நகர்த்த ஆசை வந்தால், எதிர்க்கரைக்குப் போய், அங்கே இருக்கிறவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நகர்த்து. அதற்குப் பிறகும் கை வந்தால் செய், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அடிக்காமலே வளர்த்த பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் உன்னைச் சொல்வார்கள். நானும் இதுவரை உன்னை எதற்கும் அதட்டியதில்லை. இது அதட்டல்தான்.

முந்தாநாள் மதியம் மழை வந்தது. இங்கே தூறல்தான், மேலே கறுத்துக் கிடந்தது. ஆறு நிறம் மாறியதைப் பார்த்து நான் பாலத்துக்கு ஓடினேன். பூங்காச் சுவரை இன்னும் இடிக்கவில்லை, கரையும் போடவில்லை, எல்லாம் பழையபடிதான். அப்படியும் தண்ணீர் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது. உன் அப்பா வேனைப் பின்னால் எடுத்துக் கதவோரம் நிறுத்தியிருந்தார். டீச்சரும் அவரும் தூங்குகிற பிள்ளைகளை அப்படியே தூக்கித் தூக்கி வேனில் போட்டார்கள். நானும் இரண்டைத் தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது, கூடத்துக்குள் வரவில்லை. பாய் கூட நனையவில்லை. உன் அப்பா வேன் கதவைச் சாத்திவிட்டு அந்த வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் படிக்கும் கூடத்துத் தரைக்கும் நடுவில் எவ்வளவு இருக்கும் என்று அவர் கையை விரித்து வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து முழங்கால் வரை நனைந்த சிலுவார்க் கால்சட்டையோடு அப்படியே உட்கார்ந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ஒரு பொடுசு, தூக்கத்துலயே எங்கழுத்த கட்டிக்கிச்சு. வேன்ல போடப் போனா விடமாட்டேங்குது" என்றார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். "அது எந்த வீட்டுப் பிள்ளன்னு கூட எனக்குத் தெரியாது. நான் யாருன்னு அதுக்கும் தெரியாது" என்றார். தேத்தண்ணி ஆறிப்போனது. "தானா ராத்தாவுல வாடக வீடு ஏதாச்சும் இருக்கான்னு நாளைக்கு விசாரிக்கறேன். ஆத்தப் பாக்காத வீடா இருக்கட்டும். நீ அவனுக்கு எழுதிடு" என்றார். குரல் நடுங்கியது. லயத்து வீட்டைப் பூட்டிய அன்றைக்கு நடுங்கிய அதே ஆள்தான். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. எனக்கும் போகவில்லை. வயசான காலத்தில் வாடகை வீட்டில் எந்த மூலையில் விழுவோம், எந்த வீட்டுக்காரன் எப்போது எழுப்புவான் என்று படுத்தபடி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ எங்களைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்பாய். உன் அப்பா மலையை விட்டு இறங்க மாட்டார், அதைப் பிறகு பேசுவோம்.

உன் மேலதிகாரியிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்று அதற்கும் ஒரு பயம். ஆனாலும் போய்ச் சொல். மண் லோரி வருவதற்கு முன்னால் சொல். சனிக்கிழமை வந்துவிடு, வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு வா. ஆட்களை அனுப்பாதே, அந்தக் குச்சிகளை நீயே பிடுங்கி நேராக நடு. ஒன்று எங்கள் சமையலறைக்குள் வரும், தெரியும். நான் அடுப்பை நகர்த்தி வைக்கிறேன்.

அம்மா